இருட்டில் நின்ற சாட்சி

இரவு 8.46.

கால்வாய்ச் சாலையில் பஸ் சட்டென்று நின்றது. உள்ளே இருந்த பதினொரு பேரும் முன்னால் சாய்ந்து, பதினொரு விதமாக முணுமுணுத்தார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தின் ஓரத்தில், ஈரப் புல்லுக்குள், ஒரு சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு நாலடி தள்ளி ஹெல்மெட் போட்ட ஒரு பெண்.

டிரைவர் இறங்கி ஓடினார். மூச்சு இருந்தது. ஒரு கால் இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. அவர் தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினார். பிறகு திரும்பிப் போய், பின்னால் வரும் வண்டி எதுவும் அவளை நெருங்காதபடி பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தி, நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டார். யாரும் சொல்லாமலே ஒழுங்காகச் செய்த காரியம் அது. அந்தச் சாலையில் அன்றிரவு ஒழுங்காக நடந்த காரியங்கள் குறைவு.

இருட்டுக்குள்ளிருந்து ஒருவர் வேகமாக வந்தார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்ப்பா. இங்க சிக்னலே இல்ல, முனை வரைக்கும் போய்ப் பேசிட்டு வரேன்."

டிரைவருக்கு அந்தக் குரல் தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த டிரைவருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

"மாஸ்டர், நீங்களா? நல்லவேளை" என்றார் டிரைவர். சொல்லிவிட்டுச் சைக்கிளைப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

"இதுல இருந்த லைட்டெல்லாம் எங்க?"

இரவு 9.25.

விபத்துப் பிரிவு இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். நாற்பத்திரண்டு வயது, உயரம் கம்மி, பொறுமை அதைவிடக் கம்மி. கேள்வி கேட்கும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார். கூடவே ஏட்டு. ஏட்டுக்குச் சைக்கிள்காரர்கள் என்றாலே ஆகாது. சாலை என்பது என்ஜின் வைத்த வண்டிகளுக்காக அரசாங்கம் போட்டது என்பது அவருடைய கட்சி.

அடிபட்டவளை ஆம்புலன்ஸ் கொண்டுபோய்விட்டது. அவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அந்த வட்டாரத்து மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள். வேலை முடிந்து, தினமும் இதே வழியாகச் சைக்கிளில் வீடு திரும்புகிறவள்.

இன்ஸ்பெக்டர் சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். எட்டு மணிக்கு ஒரு தூறல் போட்டிருந்தது. பின்சக்கரம் வாரியிறைத்த சேறு சீட்டுக்குக் கீழே இருக்கும் தண்டு முழுக்கப் புள்ளி புள்ளியாக அப்பியிருந்தது. ஆனால் தண்டின் நடுவில், இரண்டு விரல் அகலத்துக்கு, ஒரு பொட்டுச் சேறு இல்லை. அதற்கு ஒரு சாண் கீழே இன்னொரு இடம், அதுவும் துடைத்து வைத்ததுபோல. முன்னால் கைப்பிடியின் நடுவிலும் ஒன்று.

"ஏட்டய்யா, இது என்ன?"

"சுத்தமா இருக்கு மேடம்."

"ஏன் சுத்தமா இருக்கு?"

ஏட்டு யோசித்தார். யோசிக்கிறார் என்பது வெளியே தெரியும்படி யோசிப்பது அவர் வழக்கம். "ஏதோ மாட்டியிருந்திருக்கு. சேறு அதுமேல பட்டிருக்கு. அப்புறம் அதைக் கழட்டியிருக்காங்க."

"மழைக்கு அப்புறம் கழட்டியிருக்காங்க. மூணு லைட். அமுக்கினா கையோட வந்துடற வகை."

பஸ் டிரைவரைக் கூப்பிட்டார்.

"சைக்கிள்ல லைட் இருந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு அவங்க மூஞ்சி தெரியாது மேடம். முதுகுதான் தெரியும். ரெண்டு வருஷமா இந்த நேரத்துக்கு எனக்கு முன்னாடி போறாங்க. பின்னால ரெண்டு சிவப்பு, ஒண்ணு நிலையா எரியும், ஒண்ணு விட்டு விட்டு எரியும். கால்ல பட்டை வேற, மேலயும் கீழயுமா மின்னும். அரைக் கிலோமீட்டருக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். நான் வேகத்தைக் குறைச்சு, ஒரு கை இடம் விட்டுத் தாண்டுவேன். அவங்க கையத் தூக்கி நன்றி சொல்வாங்க. ரெண்டு வருஷமா எங்க பேச்சுவார்த்தை அவ்வளவுதான்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பார்த்தார். கோட்டைக் கொடுத்துவிட்டதால் குளிரில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது மாஸ்டர். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை.

"நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?"

"அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மரத்தடியில. ஸ்கூலைப் பூட்டிட்டு வீட்டுக்கு நடந்துட்டிருந்தேன். செருப்பு வார் கழண்டுடுச்சு. நின்னு மாட்டினேன்."

"கையில டார்ச்?"

"இல்லீங்க. தினம் நடக்கற வழி, கண்ணை மூடிட்டே போவேன்."

"என்ன பாத்தீங்க?"

"சைக்கிள் வந்துச்சு. முன்னாலயும் லைட் இல்ல, பின்னாலயும் இல்ல. பின்னாடியே ஒரு வெள்ளை வேன். அந்தம்மா கால்ல கட்டின பட்டை மட்டும் பளிச் பளிச்சுனு மேலயும் கீழயும் போயிட்டிருந்துச்சு. அது போதுமா மேடம்? வண்டி ஓட்டறவன் என்னத்தைக் கண்டான்? வேன் இடிச்சுது. நிக்காமப் போயிடுச்சு. அந்த டிரைவர் ஓடினது தப்புதான். ஆனா லைட் இல்லாம வந்தது யார் தப்பு?"

"நம்பர் பாத்தீங்களா?"

"இருட்டு மேடம்."

"உடனே முனைக்கு ஓடினீங்களா?"

"உயிர் இருக்கான்னு பாத்துட்டு ஓடினேன். நான் இல்லாதப்ப எவனாவது வந்து எதையாவது எடுத்திருந்தா எனக்குத் தெரியாது."

ஏட்டு பயபக்தியோடு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவருடைய லைசென்ஸும் மாஸ்டர் தயவில் வந்ததுதான்.

மறுநாள் காலை 9.10.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி. வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. முழங்கைக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருநீலக் காயம். லிஃப்ட் மெக்கானிக் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலியைவிடக் கோபம் அதிகமாக இருந்தது அந்த முகத்தில்.

கோபத்துக்குக் காரணம் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தது. அவளுடைய கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, கக்கத்தில் ஒரு ஃபைலோடு.

"தப்பா எடுத்துக்காதீங்க இன்ஸ்பெக்டர்" என்றார் அவர். "சாட்சி லைட் இல்லைன்னு சொல்றாராம். காலையிலேயே ஊர் பூரா பேச்சு. லைட் இல்லாம ராத்திரி ரோட்ல வர்றவங்க போட்ட கையெழுத்தை நம்பி நான் எப்படி ஜனங்களை லிஃப்ட்ல ஏத்தறது? உங்க அறிக்கை வரட்டும். அதுல லைட் இல்லைன்னு இருந்தா, கையெழுத்துப் போடற அதிகாரத்தை நாங்க திரும்ப வாங்கிப்போம். வேற வேலை குடுப்போம். கிடங்குல ஏதாவது."

"நாப்பத்தோரு லிஃப்ட்" என்றாள் மெக்கானிக். குரல் உயரவில்லை. "நாப்பத்தோரு லிஃப்ட்ல என் கையெழுத்து இருக்கு. ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் போட்டதில்ல. என் வண்டியில லைட் இல்லாம நான் வருவேனா?"

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அவள் மாமியார் இருந்தார். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவர். அதிகாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க வீட்டுல சுவிட்சு லேசா சூடானாலே மெயினை அமத்திட்டு வந்து உக்காருவா எம் மருமக. பெத்த புள்ளைய நம்பாட்டியும் இவளை நம்பிப் படுத்துத் தூங்குவேன். நீங்க நம்ப மாட்டீங்களாக்கும்!"

அதிகாரி ஃபைலைத் தட்டிக்கொண்டு வெளியே போனார்.

"என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பின்னாலருந்து ஒரு வெளிச்சம். ரொம்ப நேரமா என் பின்னாடியே வந்துச்சு மேடம். ஹாரன் அடிக்கல. சரி, நம்மளப் பாத்துட்டாங்கன்னு நிம்மதியா இருந்தேன். எதிர்ல இன்னொரு வண்டியோட வெளிச்சம் வந்துச்சு. அப்புறம் கையில பட்டுனு ஒரு அடி. அவ்வளவுதான்."

"லைட் சார்ஜ்?"

"காலையில மூணையும் முழுசா ஏத்தினேன். கிளம்பறதுக்கு முன்னாடி மூணையும் போட்டுப் பாத்தேன். தினமும் பாப்பேன். லைட் நின்னு போனாலும் வண்டிக்காரங்களுக்குத் தெரியணும்னுதான் கால்ல பட்டையும் கட்டறது."

"நான்தான் தைச்சுக் குடுத்தேன்" என்று மாமியார் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே இரண்டு பட்டைகள். சாம்பல் நிறம். துவைத்துத் துவைத்து வெளுத்த துணிபோலக் கிடந்தன.

ஏட்டு எட்டிப் பார்த்தார். "இதா மின்னும்?"

"உங்களுக்கு மின்னாது. ராத்திரியில மின்னும்" என்றார் மாமியார்.

காலை 11.30.

தினமும் இரவில் கால்வாய்ச் சாலை வழியாகச் சரக்கு அனுப்பும் ரொட்டிக் கம்பெனியின் பின்வாசல். வெள்ளை வேன். இடது பக்கத்தில் புதுக் கீறல். ஏட்டின் மீசை துடித்தது.

வேன் டிரைவருக்கு இருபத்தாறு வயதிருக்கும். நின்ற இடத்திலேயே வேர்த்துக் கொட்டியது.

"சாமி சத்தியமா நான் இடிக்கல சார்! கீறல் முந்தாநாள் கேட்ல பட்டது. முதலாளியக் கேளுங்க, சம்பளத்துலயே பிடிச்சுட்டாரு."

"கால்வாய் ரோட்ல போனியா, இல்லியா?" என்று அதட்டினார் ஏட்டு.

"போனேன் சார். எட்டே முக்காலுக்கு முன்னாடி. சரக்கு இறக்கிட்டு எதிர்ப் பக்கமாத் திரும்பி வந்துட்டிருந்தேன். முன்னாடி ஒரு காரு வந்துச்சு. லைட்டை டிம் பண்ணவே இல்ல. கண்ணு அவிஞ்சு போச்சு. வேற ஒண்ணும் தெரியல."

"எதிர்ப் பக்கமா வந்தேன்னு யாரு சாட்சி?"



"மேடம், ஏத்திடலாமா?" என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் வேனின் பக்கத்தில் போய் நின்றார். வேனின் பக்கக் கண்ணாடி அவர் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. "இவனோட கண்ணாடி பட்டிருந்தா அந்தம்மாவுக்கு ஹெல்மெட்ல பட்டிருக்கும். காயம் முழங்கைக்கிட்ட இருக்கு. தாழ்வான வண்டி ஏட்டய்யா. காரு." வேன் டிரைவரிடம் திரும்பினார். "ராத்திரி எட்டு மணிக்கு கால்வாய் ரோட்டுக்கு வரணும். பயப்படாத. கண்ணு கூசினதை மட்டும் மறக்காதே."

மதியம் 1.00.

மாஸ்டரின் ஸ்கூல் கால்வாய்ச் சாலையிலிருந்து இருநூறு அடி உள்ளே ஒரு சந்தில் இருந்தது. வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது இன்ஸ்பெக்டர் அங்கே போனதற்குச் சொன்ன காரணம். முற்றத்தில் பயிற்சிக் கார் நின்றது. கூரைமேல் பலகையில், 'இருபத்தாறு ஆண்டுகள், ஒரு கீறல் இல்லை' என்று எழுதியிருந்தது. பார்த்தவரைக்கும் உண்மைதான். கார் பளபளவென்று கழுவி நின்றது. இடது பக்கக் கண்ணாடி மட்டும் மற்றதைவிடக் கறுப்பாக, வெயில் படாத பிளாஸ்டிக்காக இருந்தது.

"கண்ணாடி புதுசா மாஸ்டர்?"

"படிக்க வர்ற புள்ளைங்க மாசத்துக்கு ஒண்ணு உடைச்சுடும் மேடம். அலமாரியில நாலஞ்சு வாங்கியே வெச்சிருக்கேன்."

நியாயமான பதில். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அவர் வாக்குமூலத்தை வரி வரியாகப் படித்துக் காட்ட, மாஸ்டர் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" என்றார். பளிச் பளிச்சென்று மின்னிய பட்டைக்கும் ஆமாதான். அழகான கையெழுத்து. எழுதிய கையை இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை 3.15.

ஸ்டேஷனில் பழைய ஃபைல்கள் வைக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். ஒரு பட்டையைத் தூரத்து அலமாரியில் தொங்கவிட்டார். டார்ச்சைத் தன் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் போட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

பக்கவாட்டில், ஃபைல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்த ஏட்டு கேட்டார்: "என்ன மேடம் பாக்கறீங்க அவ்வளவு நேரமா? கந்தல் துணி தொங்குது."

"நீங்க அங்கயே இருங்க ஏட்டய்யா. நகராதீங்க."

டார்ச் அணைந்தது. இருட்டில் இன்ஸ்பெக்டர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அது எப்போதாவதுதான் கேட்கும். யாருக்கோ நேரம் சரியில்லை என்று ஏட்டு புரிந்துகொண்டார்.

"உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா ஏட்டய்யா?"

"சின்ன வயசுல ஓட்டினது மேடம். ஏன்?"

"ராத்திரிக்கு வேலை இருக்கு."

இரவு 8.30.

கால்வாய்ச் சாலை. இரண்டு பக்கமும் தடுப்பு வைத்துப் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். லிஃப்ட் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, பஸ் டிரைவர், வேன் டிரைவர், மாஸ்டர். நாலு பேரையும் இன்ஸ்பெக்டர் வரவழைத்திருந்தார்.

"மாஸ்டர், நேத்து நின்ன இடத்துல நில்லுங்க."

மாஸ்டர் போய் மரத்தடியில் நின்றார். எந்தத் தயக்கமும் இல்லை.

"ஏட்டு சைக்கிள்ல வருவார். பின்னாடி ஜீப்பு. வேனுக்குப் பதிலா அதுதான். நேத்து பாத்த மாதிரியே இருக்கான்னு சொல்லணும். அவ்வளவுதான்."

ஏட்டு வந்தார். ஹெல்மெட் நெற்றியில் இறங்கி, தொப்பை கைப்பிடியில் இடித்து, பாம்பு போன தடமாக வளைந்து வளைந்து வந்தார். பின்னால் ஜீப்பின் ஹெட்லைட். வேன் டிரைவருக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு முட்டியது. ஏட்டு மரத்தைத் தாண்டிப் போய், நிற்கத் தெரியாமல் புல்லுக்குள் ஏற்றி நிறுத்தினார்.

"சொல்லுங்க மாஸ்டர். நேத்து மாதிரிதானா?"

"அப்படியேதான் மேடம்."

"கால் பட்டை?"

"மின்னிச்சு. மேலயும் கீழயும், நல்லாவே தெரிஞ்சுது."

இன்ஸ்பெக்டர் தன் கால்சட்டைப் பைக்குள் கை விட்டார். இரண்டு சாம்பல் நிறப் பட்டைகளையும் எடுத்து, உள்ளங்கையில் வைத்து, எல்லாருக்கும் காட்டினார்.

மாஸ்டரின் கை மரத்தைத் தேடிப் பிடித்தது.

"சரி, வயசாச்சு, நேத்து ஞாபகத்துல சொல்லிட்டீங்கன்னே வெச்சுப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர். "இப்ப நிஜமாக் கட்டிப் பாப்போம். அதிகாரி சார், நீங்க மாஸ்டர் பக்கத்துல நில்லுங்க."

ஏட்டின் கணுக்காலில் பட்டைகளைக் கட்டினார்கள். அவர் மறுபடியும் தன் விதியை நொந்துகொண்டு மிதித்தார். ஜீப் பின்னால் வந்தது.

"மின்னுதா சார்?"

பாதுகாப்பு அதிகாரி கண்ணைச் சுருக்கினார். "இல்லியே. ஏதோ துணி கட்டியிருக்கற மாதிரி மங்கலாத் தெரியுது. அவ்வளவுதான்."

"இப்ப ஜீப்புல ஏறி டிரைவர் பக்கத்துல உக்காருங்க."

மூன்றாவது தடவை. ஏட்டு இப்போது ஓரளவு நேராகவே ஓட்டினார். ஜீப் நகரத் தொடங்கி ஐந்து நொடிகூட ஆகவில்லை. உள்ளேயிருந்து அதிகாரியின் சத்தம் வந்தது. "அடேங்கப்பா! என்னங்க இது, பல்பு போட்ட மாதிரி எரியுது!"

இன்ஸ்பெக்டர் சாலையின் நடுவில் வந்து நின்றார். உண்மையைப் போட்டு உடைக்கும் கட்டத்தில் அவர் குரல் எப்போதும் தாழ்ந்துவிடும்.

"இந்தத் துணிக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் எங்கேர்ந்து வருதோ, அங்கயே திருப்பி அனுப்பும். பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் குடுக்காது. ஹெட்லைட்டுக்குப் பின்னால ஸ்டியரிங் பிடிச்சு உக்காந்திருக்கறவனுக்கு மட்டும்தான் அது மின்னும். பஸ் டிரைவர் பாத்தார், ஏன்னா அவர் தினமும் அவளுக்குப் பின்னால வர்றார். மரத்தடியில, கையில ஒரு டார்ச்சுகூட இல்லாம நின்னவர் பாத்திருக்கவே முடியாது. ஆனா மாஸ்டர் பாத்திருக்கார். மேலயும் கீழயும் போனது வரைக்கும் பாத்திருக்கார்."

அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"பொய் நிஜமாத் தெரியணும்னு கண்ணால பாத்த ஒண்ணை அதுல சேத்தீங்க மாஸ்டர். அதான் உங்களைக் காட்டிக் குடுத்துடுச்சு. நேத்து வேன் பின்னால வரல, எதிர்ல வந்தது. பின்னால வந்தது உங்க காரு. உடைஞ்ச கண்ணாடியை மாத்திட்டீங்க. லைட் மூணையும் கழட்டிட்டீங்க. காரைச் சந்துல விட்டுட்டுத் திரும்பி வந்தீங்க, அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு. சாட்சியா மாறறதைத் தவிர உங்களுக்கு அப்ப வேற வழியில்ல. இதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. நீங்க அவளைப் பாக்காம இடிக்கல. நல்லாப் பாத்தீங்க. ரொம்ப நேரம் பாத்தீங்க."

மாஸ்டர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எதிர்ல வேன் வந்துச்சு" என்றார். "அதுக்குள்ள தாண்டிடலாம்னு பாத்தேன். அஞ்சு செகண்டு பொறுத்திருந்தா வேன் போயிருக்கும். அஞ்சு செகண்டு... இருபத்தாறு வருஷம் மேடம். ஒரு கீறல் இல்லாம... அந்தப் பலகைய எப்படி இறக்குவேன்? லைட் எரிஞ்சுட்டிருந்தா தப்பு முழுக்க எம்மேலன்னு தெரியும். அதான் கழட்டினேன். ஆனா ஆம்புலன்ஸுக்கு நான்தான் பேசினேன். அது நிஜம்."

"அது நிஜம்தான். எழுதிக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பஸ் டிரைவர் மெதுவாக அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"ஒரு கை இடம் விடணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே மாஸ்டர். இடம் இல்லாட்டி பின்னாலயே போடான்னு தலையில குட்டினீங்க. பத்தொம்பது வருஷமா நான் அதை விட்டதில்ல."

மாஸ்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழவேண்டிய அழுகை அது.

இரவு 9.40.

ஸ்கூல் அலமாரியைத் திறந்தார்கள். உதிரிக் கண்ணாடிகளுக்குப் பின்னால் ஒரு பழைய துணி மூட்டை. அவிழ்ப்பதற்கு முன்பே துணி வழியாகச் சிவப்பாகத் தெரிந்தது. மூன்று விளக்குகளில் இரண்டு ஓய்ந்துவிட்டன. மூன்றாவது இருபத்தைந்து மணி நேரம் கழித்தும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

"அதை எப்படி அணைக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றார் மாஸ்டர்.

ஏட்டு அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டு நாளாக அவர் சொல்லிக்கொண்டிருந்த கட்சியெல்லாம் எங்கே போயிற்றோ, "காலையில முழுசா சார்ஜ் ஏத்தினேன்னு சொன்னாங்களே, பாருங்க மேடம்! என்னா பொம்பளை!" என்றார், ஏதோ தானே ஏற்றிய மாதிரி.

மறுநாள் காலை 10.00.

ஆஸ்பத்திரியில் அதே அறை. இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொல்லி முடித்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்த இடம் வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ ஏத்தின சார்ஜு" என்று யாரிடமோ சொன்னார்.

பாதுகாப்பு அதிகாரி கால்மாட்டில் நின்றிருந்தார். ஃபைலைத் திறந்தே வைத்திருந்தார். அவள் அதிகாரம் தொடரும் என்று கம்பெனி எழுதிய கடிதம் மேலாக இருந்தது. "எங்க மேல வருத்தம் வேண்டாம். போலீஸ் அறிக்கையில நீங்க கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. பத்தரைக்கு எனக்கு ஒரு கூட்டம் இருக்கு" என்றார்.

இன்ஸ்பெக்டர் அறிக்கையை நீட்டினார். நாலு பக்கம். பேனாவையும் திறந்து கொடுத்தார். மெக்கானிக் பேனாவை வாங்கிப் போர்வைமேல் வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"மேடம், இது தப்பு."

"எது?"

"சைக்கிளிலிருந்து விழுந்து காயமடைந்தார்னு போட்டிருக்கு. நான் விழல."

"அம்மா, வழக்கமா அப்படித்தான் எழுதறது" என்றார் ஏட்டு.

"எழுதுவீங்க. ஆனா நான் விழல சார். ஆறு வருஷமா இருட்டுல ஓட்டறேன். மழையில ஓட்டியிருக்கேன், ரோட்டுல குழி தோண்டிப் போட்டப்ப ஓட்டியிருக்கேன். ஒரு நாளும் விழுந்ததில்ல. என்னைக் காரால இடிச்சுத் தள்ளினாங்க. நடந்தது அதுதான். நடந்ததை எழுதினா கையெழுத்துப் போடறேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். கையை அல்ல, முகத்தை. பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து, மேலே புதிதாக எழுதி, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார்.

"இப்ப சரியா?"

"மீதியையும் படிச்சுடறேன் மேடம்."

மூன்றாம் பக்கம் புரண்டது. பாதுகாப்பு அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினார்.

"நீ மெதுவாப் படிம்மா" என்றார் மாமியார். "சார் நிக்கட்டும்."

அவர் நின்றார்.